நீச்சல் குளத்து மருந்தும் நம் வீட்டுத் தொட்டியும்



இன்று நாம் நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். லயத்து வீட்டுக்கு ஏது நீச்சல் குளம் என்று நீங்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது. பாரிட் புந்தார்ப் பக்கத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகியதெல்லாம் 1906-இல் கட்டி முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்களில்தான். அதிலும் பாதிப் பேர் அம்மாவுக்குத் தெரியாமல்!

ஆனால் காலம் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம் பிள்ளைகள் பினாங்குக்கும் ஈப்போவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். அங்கே பங்களாக்களில் குளம் சுத்தம் செய்யும் வேலை கிடைக்கிறது. எங்களிடம் படித்த மாணவன் ஒருவனும் அப்படிப் போனான். முதல் வாரத்திலேயே, குளோரின் தூள் ஒட்டியிருந்த வாளியில் குளத்து ஆசிட்டை ஊற்றிவிட்டான். பம்பு இருக்கும் சின்ன அறைக்குள் மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழுந்தது. இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான்.

டின்னில் எச்சரிக்கை எழுதித்தான் இருந்தது. அதைப் படிக்க அவனுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. எங்களுக்கும் அதில் வெட்கம் உண்டு. அமிலம், காரம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம். அது ஒரு நாள் அவன் வாளிக்குள் வந்து நிற்கும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் புகைதான் குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி, பெல்ஜியம் நாட்டின் ஈப்ரு போர்முனையில் ஜெர்மானியப் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். குளோரின் மருந்தும் ஆசிட்டும் கலந்தால் அது உண்டாகும். காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். ஆகையால் பள்ளமான பம்பு அறையில் குனிந்து நின்று வேலை செய்பவனுக்குத்தான் முதல் ஆபத்து. மூக்கில் எரிச்சல் கண்டால் வாளியை எடுக்கப் போகாமல், ஆளை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும். காற்று வரும் திசையில், மேடான இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கண்ணைச் சுத்தத் தண்ணீரால் கால் மணி நேரம் கழுவ வேண்டும். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

பால் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு ஒன்று தெரியும். பாலை உறைய வைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றிக் கலப்பார்களே தவிர, ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்ற மாட்டார்கள். குளத்து மருந்துக்கும் அதே முறைதான். தூளானாலும் ஆசிட்டானாலும் தண்ணீருக்குள்தான் மருந்து போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வாளி, தனிக் கரண்டி. குளோரினிலேயே தூள் ஒரு வகை, வில்லை வேறொரு வகை. அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால்கூடத் தீப்பிடிக்கும்.

மருந்து எவ்வளவு போடுவது? இதில்தான் ஐந்தாம் வகுப்புக் கணக்கு உதவுகிறது. 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குளம் 800 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே ஏறக்குறைய 22,600 லிட்டர் தண்ணீர். குளத்து நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் நின்றால் போதும். சுத்தமான புதுத் தண்ணீரில் 2 மில்லிகிராம் ஏற்ற 45 கிராம் குளோரின் வேண்டும். தூளில் நூற்றுக்கு 65 பங்குதான் குளோரின் என்றால் 70 கிராம் தூள் போட வேண்டும். இவ்வளவு பெரிய குளத்துக்கு அவ்வளவுதான்! வாளி வாளியாகக் கொட்டுவது அறியாமை. வெயில் குளோரினைத் தின்றுவிடும். அதனால் மாலையில் போடுவது நல்லது. நீரின் காரத்தன்மையைச் சோதனைப் பெட்டியில் பார்த்து, 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஏறினால் போட்ட குளோரின் சரியாக வேலை செய்யாது.

குளத்தில் மருந்து நெடி தூக்கினால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்த பிறகுதான் அந்த நெடி வருகிறது. மணல் வடிகட்டியின் குறிமுள், சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 அல்லது 10 பவுண்டு ஏறினால், தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவ வேண்டும். சில வீடுகளில் வெந்நீர்த் தொட்டியும் உண்டு. இளஞ்சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். அதன் ஆவியை மூச்சில் இழுத்துச் சளிக்காய்ச்சல் கண்டவர்கள் உண்டு. ஆகவே அதைக் குளத்தைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குளியலறைத் தொட்டியும் ஒரு குட்டிக் குளம்தானே? மூன்றடிக்கு மூன்றடி, இரண்டரை அடி ஆழம் என்றால் 630 லிட்டருக்கு மேல் பிடிக்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இதைத்தான். அது தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாளாகும். அதனால்தான் வாரம் ஒரு முறை தண்ணீரை இறைத்து, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்கிறோம். இறைத்தால் மட்டும் போதாது. கழுவ முடியாத தொட்டிக்கும் பீப்பாய்க்கும் அபேட் மணல் மருந்து 10 லிட்டருக்கு 1 கிராம் போடலாம். வீட்டில் கொசுப்புழு வளர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனையும் உண்டு.

குளியலறை கழுவும் ஆசிட்டையும் துணி வெளுக்கும் மருந்தையும் ஒரே நேரத்தில் ஊற்றித் தேய்க்கும் தாய்மார்களே, மேலே சொன்ன புகை அங்கேயும் வரும். கதவு சாத்திய சின்னக் குளியலறை, பம்பு அறையைவிடப் பெரியதல்ல. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டிக்கு மூடியும், குளியலறைக் கதவுக்குக் கொக்கியும் வேண்டும். அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் குழந்தைக்கு எழத் தெரியாது.

எங்கள் மாணவன் குணமாகி வந்த பிறகுதான், முதலாளி அவன் பேருக்குச் சொக்சோ கட்டவே இல்லை என்று தெரிந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த உரிமை அது. உங்கள் பிள்ளை குளம் கழுவப் போனால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன், சொக்சோ கட்டுகிறார்களா, கையுறையும் கண்ணாடியும் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அவன் இப்போது வேறொருவரிடம் அதே வேலையைத்தான் செய்கிறான். சென்ற மாதம் பள்ளிக்கு வந்து, தன் சோதனைப் பெட்டியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டினான்.