நோயணுவின் உணவும் நமது மருந்தும்



மஸ்கெலியாவின் மலைச்சரிவுகளில் இன்று நாம் காண்பது தேயிலை. ஆயினும், கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்தபின், தேயிலை நிலைபெறுமுன், டிக்கோயா, திம்புளைத் தோட்டங்களைப் போலவே இங்கும் சிங்கோனா மரங்கள் நின்றன. கொயினா மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்தே கிடைக்கிறது. 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இராத்தல் பட்டை இலங்கையிலிருந்து கப்பலேறியது. விலை வீழ்ந்தது, மரங்களும் மறைந்தன. மலைக்குளிரில் மலேரியா அரிது. மலையடிவாரத்துக் கேகாலை, குருணாகல் பகுதிகளையோ 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய் சூறையாடிற்று. நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

அப்பட்டையும் பின்வந்த மாத்திரைகளும் நோயணுவை எவ்வாறு கொல்கின்றன? அதன் சாப்பாட்டை அறிந்தால் இது விளங்கும்.

நுளம்பின் கடியால் உடலிற் புகும் நோயணு, ஈரலில் தங்கிப் பெருகிய பின் குருதியின் செங்குழியத்தினுள் நுழைகிறது. அங்குள்ள ஈமோகுளோபினை விழுங்கி, தன் உணவுப் பையிலிட்டுச் செரிக்கிறது. இரண்டே நாளில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். ஆனால் ஐசோலியூசின் என்னும் அமினோ அமிலம் அவ்வுணவில் இல்லை. அதனை வெளியேயுள்ள குருதிநீரிலிருந்து பெறுவதற்காகச் செங்குழியத்தின் சவ்விலே புதிய வழிகளைத் திறந்துகொள்கிறது. குடியிருக்க வந்தவன் சுவரையே துளைத்த கதைதான்.

ஈமோகுளோபின் செரித்தபின் ஈம் என்னும் இரும்புச் சேர்வை எஞ்சும். அது நோயணுவுக்கு நஞ்சாதலால், கரையாத பழுப்புப் படிகமாக்கி அதனை ஒதுக்கிவைக்கிறது. குளோரோகுயின் உணவுப் பையிற் சேர்ந்து இப்படிகமாதலைத் தடுக்கிறது. உண்ட உணவின் கழிவே நோயணுவைக் கொல்கிறது. கொயினாவும் பெரும்பாலும் இவ்வழியிலே தொழிற்படுவதாகக் கருதுவர்.

நோயணுவும் வாளாவிருக்கவில்லை. செரித்த துண்டுகளை வெளியே கடத்தும் புரதமொன்று உணவுப் பையின் சுவரில் உண்டு. அது சற்றே திரிந்தபோது மருந்தையும் வெளியேற்றலாயிற்று. இலங்கையில் இவ்வெதிர்ப்பு 1984இல் முதன்முதலாகக் காணப்பட்டது. ஆனால் திரிந்த புரதம் பழைய வேலையைச் செவ்வனே செய்வதில்லை. ஆபிரிக்காவின் மலாவி நாடு 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. பத்தாண்டுகளுக்குள் மருந்துக்கு மடியும் பழைய இனமே அங்கு மீண்டும் ஓங்கியது.

இன்று பெரிதும் வழங்கும் ஆர்ட்டெமிசினின், சீனத்து மூலிகையொன்றின் பொருள். அதனைத் தூண்டிவிடுவது செரித்த உணவிலிருந்து வெளிப்படும் ஈம். எதிர்ப்புப் பெற்ற நோயணு தன் இளம் பருவத்தில் ஈமோகுளோபினைக் குறைத்தே விழுங்குகிறது. பட்டினி கிடந்து தப்புகிறது எனலாம். இம்மருந்து உடலிலே சில மணி நேரமே தங்குவதால் அப்பட்டினியும் நீளவேண்டியதில்லை. ஆகவேதான் நெடுநாள் தங்கும் வேறொரு மருந்தையும் சேர்த்து மூன்று நாட்களுக்குக் கொடுக்கிறார்கள். காய்ச்சல் விட்டதென்று இரண்டாம் நாளே மாத்திரையை நிறுத்துவோர், எஞ்சிய அணுக்களுக்கு மீண்டும் விருந்து வைக்கிறார்கள்.

இலங்கையில் 2012க்குப்பின் உள்நாட்டிலே தொற்றும் மலேரியா நின்றது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. ஆயினும் வெளிநாடு சென்று மீள்வோருடன் நோய் இன்னும் வருகிறது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், அப்பயணத்தை வைத்தியரிடம் முதலிலே சொல்லவேண்டும். விரல் நுனிக் குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி உருப்பெருக்கியிற் பார்ப்பார்கள். நோயணுவின் நடுவே, அது உண்டு ஒதுக்கிய அப்பழுப்புத் துகள்களும் அங்கே தெரியும்.