ஐஸ்லாந்தில் எட்டு நாட்கள்

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைவிட அழகாகப் பேசக்கூடியவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவியைத்தான் சொல்கிறேன். ஆனால் "நீங்களே பேசுங்கோ, தப்பு பண்ணினது நீங்கதானே" என்று சொல்லிவிட்டாள். அது என்ன தப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2023-ஆம் ஆண்டு எங்கள் திருமண வாழ்வின் ஐம்பதாவது ஆண்டு. பிள்ளை காசி-ராமேஸ்வரம் யாத்திரைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். அது இரண்டு முறை ஆகிவிட்டது. பி.எஸ்ஸி. படித்த காலத்திலிருந்து எனக்கு ஓர் ஆசை: பூமி எங்கே பிளந்து புதிதாக உண்டாகிறதோ, அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். அது பெரும்பாலும் கடலுக்கு அடியில் இருப்பது. கடல் மட்டத்திற்கு மேலே எழுந்து, நடந்து பார்க்கும்படி பெரிய அளவில் இருக்கும் இடம் ஐஸ்லாந்து. "முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மாவை அழைத்துக்கொண்டு எரிமலை பார்க்கப் போகிறாயாப்பா?" என்று பெண் கோபித்துக்கொண்டாள். அம்மாவோ, "கால் ரிப்பேர் ஆனது நடக்கத்தானே!" என்றாள். ஜூன் மாதம் டெல்லி வெயிலிலிருந்து கிளம்பி, வழியில் ஓரிடத்தில் விமானம் மாறி, ரெய்க்யாவிக் போய்ச் சேர்ந்தோம். பத்து டிகிரி குளிர், அதோடு காற்று.

ஐஸ்லாந்து சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. ஜனத்தொகையோ நான்கு லட்சத்துக்கும் குறைவு. ராணுவம் கிடையாது. இன்னொரு விஷயம் உங்களுக்கு உகப்பாக இருக்கும். அங்கே பெரும்பாலோருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அச்சில் வந்த டெலிபோன் டைரக்டரியில்கூடச் சொந்தப் பெயரை வைத்துத்தான் வரிசை இருந்தது. இங்கே ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'சர்நேம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று திண்டாடிய எனக்கு, சொந்தக்காரர்களைப் பார்த்தது போல் இருந்தது.

முதல் நாள் ஓட்டலில் ஸ்நானம் செய்யப் போன மனைவி பாதியில் கதவைத் திறந்து, "ஏன்னா, வெந்நீர்லே முட்டை நாத்தம் அடிக்கறது" என்றாள். எனக்குக் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபும் கிப்ஸ் அப்பரேடஸும் ஞாபகம் வந்துவிட்டன. அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். வெந்நீர் பூமிக்கு அடியிலிருந்து வருகிறது. அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் குளிர்காலச் சூடு இந்தப் பூமி வெப்பத்திலிருந்துதான். கரி வேண்டாம், கேஸ் சிலிண்டர் வேண்டாம். குடிக்கிற தண்ணீர் வேறு குழாயில் வருகிறது. அதற்கு நாற்றமே இல்லை, அவ்வளவு ருசி. இரண்டாம் நாள் வெந்நீரும் எங்களுக்குப் பழகிவிட்டது.

சந்தியாவந்தனம் ஒரு பிரச்சினை. ஜூன் மூன்றாம் வாரத்தில் ரெய்க்யாவிக்கில் சூரியன் நடுநிசி வாக்கில் அஸ்தமித்து, மூன்று மணிக்கே உதித்துவிடுகிறது. நடுவில் இருட்டு என்பதே இல்லை. கிளம்புமுன் நம் வாத்தியாரைக் கேட்டிருந்தேன். "நம்மூர் நேரத்தைக் கணக்கு வைத்துப் பண்ணுங்கோ, மனசு சுத்தமா இருந்தாப் போறும்" என்றார். அப்படியே செய்தேன்.

எட்டு பேர் போகும் ஒரு சிறிய வேனில் சேர்ந்துகொண்டோம். ஓட்டியவரே வழிகாட்டி. முதலில் திங்வெட்லிர். கி.பி. 930-லேயே மக்கள் கூடிச் சட்டம் பேசிய பாராளுமன்ற மைதானம். 1944 ஜூன் 17 அன்று குடியரசு பிரகடனம் ஆனதும் இங்கேதான். வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகுகிற இடமும் இதுவே. இரு கைகளை நீட்டி இரண்டு கண்டங்களையும் தொடலாம் என்பது விளம்பரம். மேற்கு விளிம்பில் உயர்ந்த பாறைச் சுவர் நிற்கிறது. கிழக்கு விளிம்பு பல கிலோமீட்டர் தள்ளி. நடுவில் உள்ள பள்ளத்தாக்கு மெள்ள மெள்ள அமிழ்ந்து வருகிறது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகுகிறது என்று வழிகாட்டி சொன்னவுடன் என் மனைவி கணக்குப் போட்டுவிட்டாள். "அப்போ நமக்குக் கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு மீட்டர் விலகியிருக்கு." பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து கெய்சிர். நம் குளியலறையில் மாட்டியிருக்கும் 'கீசர்' என்ற பெயரே இந்த ஊற்றின் பெயரிலிருந்து வந்ததுதான். பழைய கெய்சிர் இப்போது பெரும்பாலும் தூங்குகிறது. பக்கத்தில் உள்ள ஸ்ட்ரோக்கூர் என்ற ஊற்று ஆறு முதல் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை பதினைந்து, இருபது மீட்டர் உயரம் பீறிடுகிறது. காரணம் நம் பிரஷர் குக்கரில் இருப்பதுதான். அடியில் உள்ள நீர், மேலே உள்ள நீரின் அழுத்தத்தால் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். கொஞ்சம் நீர் மேலே வழிந்து அழுத்தம் குறைந்தவுடன் எல்லாம் ஒரே சமயத்தில் ஆவியாகிவிடும். அதுதான் அந்தப் பீறிடல்.

அங்கிருந்து குல்ஃபாஸ் அருவி. இரண்டு படியாக 32 மீட்டர் விழுகிறது. மறுநாள் செல்யாலந்த்ஸ்ஃபாஸ். அறுபது மீட்டர் அருவிக்குப் பின்புறமே நடந்து போகலாம். வழுக்குப் பாறை, ஒரே சாரல். மனைவி என் கையைப் பிடிக்காமல் முன்னே போய்விட்டாள். சிறிது தூரத்தில் எய்யாஃப்யாட்லயோக்குட்ல். 2010 ஏப்ரலில் சாம்பல் கக்கி, ஐரோப்பா முழுவதும் விமானங்களை நாள் கணக்கில் நிறுத்திய மலை. அன்று வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சாதுவாக நின்றது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

தெற்குக் கரையில் ரெய்னிஸ்ஃபியாரா என்ற கடற்கரை. மணல் கறுப்பு, எரிமலைக் குழம்பு உறைந்து பொடியானது. நாங்கள் போனபோது கரையோரம் பாறைத் தூண்கள் செதுக்கி அடுக்கியது போல் நின்றன. வற்றிய ஏரியின் சேறு காயும்போது வெடிக்குமே, அதே தத்துவம்தான்: குழம்பு குளிர்ந்து சுருங்கும்போது ஆறு பட்டைத் தூண்களாகப் பிளக்கிறது. கரைக்குப் போகும் வழியில் பெரிய எச்சரிக்கைப் பலகை. இங்கே உயிர் இழந்தவர்கள் உண்டு, கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்றெல்லாம் இருந்தது. மனைவி நின்று முழுவதும் படித்தாள். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நடந்தேன்.

ஐந்து நிமிடம் அலைகளைக் கவனித்தேன். எல்லாம் ஓர் எல்லையோடு நின்றன. நாம்தான் சயன்ஸ் படித்தவர்களாயிற்றே! எல்லையைக் கணக்குப் போட்டுக்கொண்டு, தூண்களின் எதிரே மனைவியை நிறுத்திப் படம் எடுக்க, கடல் பக்கமாகப் பின்னால் நகர்ந்தேன். "ஏன்னா, வேண்டாம், இந்தப் பக்கம் வாங்கோ" என்றாள். "ஒரு நிமிஷம்" என்றேன். அடுத்த கணம் அவள் முகம் மாறியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறிவிட்டது. விழுந்தேன். விழுந்ததுகூடப் பயமில்லை, திரும்பிப் போகும் நீர் காலடி மணலையும் என்னையும் சேர்த்து இழுத்ததுதான் பயம். ஆபரேஷன் ஆன காலோடு அவள் ஓடி வந்து என் கோட்டுக் காலரைப் பிடித்தாள். பின்னாலேயே வழிகாட்டி வந்து இருவரையும் மேலே இழுத்தார். காமிரா போயிற்று. மூக்குக் கண்ணாடி போயிற்று. நான் இருக்கிறேன்.

வேனில் போர்வை சுற்றி உட்கார வைத்தார்கள். பத்து நிமிடம் மனைவி பேசவில்லை. பிறகு சொன்னாள்: "உங்க சர்க்குலரை யாராவது படிக்கலேன்னா மெமோ குடுப்பேளே. இப்போ உங்களுக்கு யார் மெமோ குடுக்கறது?"

முப்பத்தைந்து வருஷம் சர்க்காரில் சுற்றறிக்கை எழுதியவன் நான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வழிகாட்டி விளக்கினார். தெற்கே வெகு தூரத்திற்குத் தடுக்க நிலமே இல்லாத திறந்த கடல். எங்கோ எழும்பிய அலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரலாம். கரை சட்டென்று ஆழமாகிவிடுவதால் வேகம் குறையாமல் வந்து மோதும். பத்து அலைகளைப் பார்த்துப் பதினோராவதைக் கணக்கிட முடியாது. அவரும் மீட்புப் படைத் தொண்டராம். அந்த நாட்டில் மலையிலும் கடலிலும் சிக்கியவர்களை மீட்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். புது வருஷத்திற்குப் பட்டாசு விற்று அதற்கு நிதி சேர்க்கிறார்கள்! என்னைப் போன்ற ஒருவனுக்காக யாரோ ஒருவர் வேலையை விட்டு ஓடி வரவேண்டியிருக்கும் என்று நினைத்தபோது மிகவும் வெட்கமாக இருந்தது.

பிறகு யோக்குல்ஸார்லோன் போனோம். பனியாறு பின்வாங்கியதால் 1930-களில் உண்டாகத் தொடங்கிய ஏரி. நிலத்திலும் நீரிலும் ஓடும் வண்டியில் மிதந்து போனோம். பனிப்பாளங்கள் நீலமாக இருந்தன. அழுத்தத்தில் காற்றுக் குமிழ்கள் வெளியேறிவிட்ட பனி, சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடும். அழகுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஏரி பெரிதாகிறது என்றால் பனி குறைகிறது என்று அர்த்தம். இந்த முறை போட்ட கயிற்றைத் தாண்டாமல், சொன்ன இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நாங்கள் திரும்பி வந்த சில நாட்களில், ஜூலை 10 அன்று, ரெய்க்யாவிக்குக்கு அருகே எரிமலை வெடித்த செய்தி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 10 இரவு, கிரிண்டாவிக் என்ற மீனவ ஊரை உடனே காலி செய்யச் சொன்னார்கள். பூமிக்கு அடியில் குழம்பு நகர்வதைக் கருவிகள் காட்டியிருந்தன. ஏறக்குறைய நாலாயிரம் பேர் அன்றிரவே கிளம்பிவிட்டார்கள். 2024 ஜனவரி 14 அன்று குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை எரித்தது. அன்றும் சில மணி நேரம் முன்பே, திரும்பி வந்து தங்கியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். எங்களுக்குக் கல்யாணமான 1973-லேயே, ஜனவரி 23 அன்று, ஹெய்மாஏ தீவில் நள்ளிரவில் பூமி பிளந்தது. ஐயாயிரம் பேரை மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். பிறகு கடல்நீரைப் பீய்ச்சியடித்துக் குழம்பை உறைய வைத்துத் துறைமுகத்தையும் காப்பாற்றினார்கள்.

தைரியம் என்றால் முன்னே போவது என்று எழுபது வயது தாண்டியும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஜனங்களுக்குத் தைரியமும் உண்டு, சொன்னால் கேட்கிற குணமும் உண்டு. அதனால்தான் அந்தப் பூமியில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஷெங்கன் விசா வேண்டும். விலைவாசி மிக அதிகம். ஒவ்வொன்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பட்டினிதான். சிறிய எலெக்ட்ரிக் குக்கர், அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் கவலை இல்லை. ஸ்கிர் என்ற கெட்டித் தயிர் போன்ற பண்டம் கிடைக்கும். பழைய முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்ப்பதுண்டு. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கவேண்டும். மனைவி படித்துத்தான் வாங்கினாள். குடை பிரயோஜனமில்லை, காற்று பிடுங்கிவிடும். நல்ல மழைக்கோட்டு அவசியம். ஆபத்தென்றால் டெலிபோன் எண் 112.

வயதாகிவிட்டது என்று தயங்காதீர்கள். கால் இருக்கும்போது போய்வாருங்கள். பலகையில் எழுதியிருப்பதை நின்று படியுங்கள். படிக்காவிட்டாலும், பக்கத்தில் படித்தவர் கூப்பிட்டால் உடனே திரும்பி வாருங்கள்.

 கேள்விகள் இருந்தால் முன் வரிசையில் கேட்கலாம்.