துளைக் காலணா



தென் அந்தமானில் உள்ள சிப்பிகாட், 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தால் தாழ்ந்துபோன ஊர். வயலாயிருந்த இடத்தில் கடல்நீர் நிற்கிறது. நீர் வற்றிய வேளையில் அந்தச் சேற்றோரம் சென்றபோது, நண்பரின் உலோகங்காட்டும் கருவி ஒலித்தது. அகப்பட்டது பச்சை படிந்த ஒரு வட்டம், நடுவே துளை.

"தாயத்து" என்றார் அவர். "காசு" என்றேன் நான்.

இதற்குத் துளையே சாட்சி. கயிறு கோக்க வீட்டில் குத்திய துளை பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும், எழுத்தையும் சிதைத்திருக்கும். நாணயச்சாலைத் துளையோ சரிநடுவில் நிற்கும். எழுத்து அதற்கு விலகி அமைந்திருக்கும். எங்கள் காசில் ஒருபுறம் மகுடம், மறுபுறம் இலைமாலை. போர்க்கால உலோகச் சிக்கனத்தை ஒட்டி, 1943 முதல் 1947 வரை வெளியான வெண்கலக் காலணா அது. குழந்தையின் அரைஞாணில் கட்டவும் அது உதவியதால், நண்பர் கூற்றையும் முற்றும் தள்ளுவதற்கில்லை!

ஜப்பானியர் 1942 மார்ச்சில் அந்தமானைக் கைப்பற்றினர். பிரிட்டிஷார் மீண்டது 1945 அக்டோபரில். ஆகவே இக்காசு அதன் பின்னரே, குடியேறிய எவரோ ஒருவரின் முடிச்சில் கப்பலேறி வந்திருத்தல் கூடும்.

புளியிட்டுத் துலக்கினால் ஆண்டெண் அழியும். உப்பு நீங்க நன்னீரில் பலமுறை ஊறவைத்து உலர்த்துக. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலாயின், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை.

எங்கள் காலணா இன்னும் நீரில் கிடக்கிறது. கடைசி எண் மூன்றா, ஐந்தா என்பது தெளியவில்லை.