சட்டமும் சங்கமும்

(மீமிசலில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கம் எதன்பொருட்டு என்னும் வினா நம்மவருள் அடிக்கடி எழுகின்றது. பழம்பெருமை பேசவும், ஆண்டுக்கொருமுறை விருந்துண்டு கலையவும் ஒரு சங்கம் வேண்டுவதில்லை. சட்டம் ஏட்டில் எழுதிய உரிமையை மக்கள் கையிற் கொண்டுவந்து சேர்ப்பதே சங்கத்தின் தொழில் என்பது எம் துணிபு. அதனை இரு நாட்டு வரலாறுகளால் விளக்க விழைகின்றோம்.

இப்பக்கத்தினின்று இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிழைக்கச் சென்ற நம் முன்னோர், ஆங்குக் 'கூலி' என இகழப்பட்டதைக் கேட்டிருக்கின்றோம். அவரினும் கொடிய துயருற்றோர் பிரேசில் தேசத்துக் கருப்பின மக்கள். ஆப்பிரிக்காவினின்று கப்பலேற்றிக் கொணரப்பட்டு, கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அடிமைகளாய் உழைத்தனர். 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் பிறந்த சட்டம் அவர்களை விடுவித்தது. ஆயின், உழுதுண்ண நிலமோ, மக்கள் பயிலப் பள்ளியோ அஃது அளித்திலது. விலங்கு கழன்றது, வறுமை கழன்றிலது.

ஆதலின் அவர்கள் தாமே கூடினர். 1931இல் சாவோ பாவுலோ நகரில் 'பிரேசில் கருப்பர் முன்னணி' என்னும் சங்கம் தோன்றி, எழுத்தறியாதார்க்கு வகுப்புகள் நடத்தியது. 1933இல் 'இனத்தின் குரல்' என்னும் பத்திரிகையும் வெளிவந்தது. 1937இல் வர்காஸ் என்பாரது சர்வாதிகாரம் கட்சிகள் யாவற்றையும் கலைத்தபோது, கட்சியாகவும் பதிவு பெற்றிருந்த இம்முன்னணியும் கலைக்கப்பட்டது. எனினும் வித்து அழியவில்லை. பின்வந்த சங்கங்கள் விடாது முயன்றன. 2012இல் மத்திய அரசின் பல்கலைக்கழகங்களில் அவர்க்கு இடம் ஒதுக்கும் சட்டம் பிறந்தது. விடுதலைக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 124 ஆண்டுகள்!

இனி நம் நாட்டைக் காண்போம். நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற காலம் இங்கும் இருந்தது. அடிமையைப் பொருளாக ஆளும் உரிமையை நீதிமன்றங்கள் ஏலா என்றது 1843ஆம் ஆண்டுச் சட்டம். 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. பின்னும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். பொதுக் கிணறும் பொதுத் தெருவும் அவனுக்கு அடைபட்டே கிடந்தன.

அவற்றைத் திறக்க முயன்றவை சங்கங்களே. 1891இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டி, கல்வியும் உத்தியோகமும் நீர்நிலை உரிமையும் கோரினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன், பிறர் இழிவென வழங்கிய பெயரையே தலைப்பாகச் சூட்டிப் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1907இல் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. பள்ளி ஆசிரியராயிருந்த எம்.சி. ராஜா சட்டசபையில் வாதாடி, ஆதிதிராவிடர் என்னும் பெயரை 1922இல் அரசாங்க ஏடுகளில் ஏறச் செய்தார். பள்ளி, பத்திரிகை, விண்ணப்பம் என்னும் இம்மூன்றே அன்னோர் ஏந்திய படைக்கலங்கள்.

1924இல் சீனிவாசன் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தை ஈண்டுக் கருதுக. பொதுத் தெரு, கிணறு, குளம், அரசாங்க அலுவலகம் ஆகியவற்றிற்குத் தம் குலத்தாரை மட்டும் விடுக என அவர் கேட்டாரில்லர். எவ்வகுப்பினராயினும் தடையின்றிச் செல்லலாம் என்றே கேட்டார். தனக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கும் வேண்டுவது அன்றோ சங்கத்தின் மாண்பு?

மேலோர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் நம்மை ஒதுக்கிய நாள்களை நம் முதியோர் இன்றும் நினைவு கூர்வர். அக்குறையைச் சொல்லும் அதே நா, நம் தெருவில் நடக்கும் பிறரை நோக்கி 'நீ யார்?' என வினவுமாயின், நம் குறையைக் கேட்பார் யார்? 1950 முதல் நடைமுறையிலுள்ள நம் அரசியற் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயின், ஒவ்வோர் ஊரிலும் அதனை மெய்யாக்க வேண்டியவர் நாமே.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களை இச்சபை முன் வைக்கின்றோம். ஒன்று, சங்க நிதியின் முதற்பங்கு வளைவுக்கும் விருந்துக்கும் அன்றி, மேற்படிப்புக்கு வழியற்ற நம் பெண்மக்கட்கும் ஆண்மக்கட்கும் செல்லுதல் வேண்டும். மற்றொன்று, நாம் அமைக்கும் படிப்பகத்தின் கதவு இவ்வூரின் எக்குலத்துப் பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும். பின்னதற்கு மறுப்புரைப்பார் இவ்வவையிலேயே உளர் என்பதை அறிவோம். அவர்களும் நம் சோதரரே. தங்கள் மறுப்பை இங்கேயே எழுந்து உரைக்குமாறு வேண்டுகின்றோம். வாதித்துத் தெளிந்து, கை உயர்த்தி முடிவு செய்வோம்.