ஆளரவமற்ற மலை



ஸ்காட்லாந்து ஓவியர் ஹொரேஷியோ மக்கலக் 1864இல் தீட்டிய 'கிளென்கோ' ஓவியம் கிளாஸ்கோ நகரின் கெல்விங்குரோவ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கரடுமுரடான பாறைச் சிகரங்கள், அவற்றைத் தழுவும் முகில், அடிவாரத்தில் மான்கள். ஆளரவம் இல்லை.

இப்பள்ளத்தாக்கில்தான் 1692 பிப்ரவரி 13 அன்று, விருந்தினராய்த் தங்கியிருந்த அரசுப் படையினர், தமக்கு உணவும் உறைவிடமும் தந்த மக்டொனால்டு குலத்தாரில் ஏறத்தாழ 38 பேரைக் கொன்றனர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அம்மலைநாட்டின் நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடிகளை வெளியேற்றினர். பின்னர் மான்வேட்டைக்கும் நிலங்களை ஒதுக்கினர்.

ஓவியத்தின் பேரழகை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், அந்தத் தனிமை எவ்வாறு வந்தது என்பதை அழகு சொல்வதில்லை. மலையைப் பாடப் புகும் கவிஞர், அங்கே அடுப்பெரிந்த இடம் எது என்று முதலில் வினவுதல் வேண்டும்.