பின்விளக்கும் கரும்பூச்சும்



மோட்டார் வண்டியில் ஓட்டுகிறவருக்குச் சிறிதும் பயன்படாத விளக்கு ஒன்று உண்டு. அது பின்விளக்கு. ஓட்டும்பொழுது அவர் அதைக் காண்பதே இல்லை. அது எரிந்தாலும் அணைந்தாலும் அவருடைய பாதை மாறுவதில்லை. பின்னே வருகின்ற, முன்பின் அறியாத ஒருவருக்காகவே அது எரிகிறது. அந்த விளக்கின் மேல் இக்காலத்து இளைஞர் சிலர் வீட்டிலேயே கறுப்புச் சாயம் ஏற்றுகிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

செய்முறை எளியதுதான். விளக்கின் சிவப்பு மூடியைச் சோப்பு நீரால் கழுவுகிறார்கள். நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். சுற்றிலும் செய்தித்தாளை ஒட்டி மறைத்து, ஸ்பிரே பெயிண்ட் டப்பாவை ஒரு சாண் தொலைவில் பிடித்துப் புகைநிறத்தை மெல்லிய பூச்சாக அடிக்கிறார்கள். ஒன்று காய்ந்ததும் மற்றொன்று. இறுதியில் பளபளப்பிற்காக நிறமற்ற வார்னிஷ். வேலை முடிந்து பார்த்தால் வண்டி அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. கருநிறக் கார் ஒன்றின் பின்புறத்தில் சிவப்புத் திட்டுகள் இல்லாமல் ஒரே கருமையாக அமைவதில் ஓர் எழில் உண்டு. ஆனால் அந்த எழிலுக்கு யார் விலை கொடுக்கிறார் என்று கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா?

கணக்கு உயர்நிலைப் பள்ளி மாணவருக்குரியதே. பூச்சு ஒன்று தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடுகிறது என்று கொள்வோம். இரண்டு பூச்சு அடித்தால் ஐந்தில் மூன்று பங்கு எஞ்சும் என்று கழித்துப் பார்ப்பது தவறு. இங்கே பெருக்க வேண்டும். மூன்று பூச்சுக்குப் பின் 125-இல் 64 பங்கு, அதாவது ஏறக்குறையப் பாதி எஞ்சுகிறது. ஆறு பூச்சுக்குப் பின் கால் பங்கு. விளக்கு அணைந்திருக்கையில் அது கன்னங்கரேலெனத் தோன்ற வேண்டும் என்று விரும்புவோர் ஆறோடு நிற்பதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கார் முதலியவற்றின் பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. சட்டம் கோரும் அளவிற்கு மட்டுமே ஒளிரும் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது நீங்கள் படித்ததே. ஆகவே ஒளி கால் பங்காகும்பொழுது, அது கண்ணுக்குத் தெரியும் தொலைவு பாதியாகும். 155 மீட்டர் ஏறத்தாழ 80 மீட்டராகச் சுருங்கிவிடும்.

இனிப் பின்னே வருகிறவரின் நிலையைப் பாருங்கள். அவர் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். அதாவது வினாடிக்கு 20 மீட்டர். எதிரே ஒரு வண்டி நிற்பதைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் காலை வைக்க ஒன்றரை வினாடி என்று கொண்டால், அதற்குள் 30 மீட்டர் போய்விடுகிறது. நனைந்த சாலையில் வண்டி முற்றும் நிற்க மேலும் 40 அல்லது 50 மீட்டர் வேண்டும். கூட்டினால் 70 முதல் 80 மீட்டர். அவருக்குக் கிடைத்ததும் அவ்வளவே. சற்றுக் கண் அயர்ந்தாலும் தப்ப வழியில்லை.

இதை நான் ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. நான் வாழும் திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமி இரவும் இக்கணக்கு சாலையிலேயே நடக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்; அதில் மக்கள் வெள்ளம் நடந்து செல்லும். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகவும், சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகவும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். விரைந்து வந்த வண்டி ஊரை நெருங்கியதும் திடீரெனத் தயங்கும். ஓரத்தில் இடம் கண்டால் நின்றுவிடும். முன்வண்டியின் சிவப்பு விளக்கு ஒன்றே பின்வண்டிக்குச் செய்தி. கார்த்திகைத் தீபத்தின்போது இந்நெருக்கம் பன்மடங்காகும். அது வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஆகும். 2,668 அடி உயர மலையின் உச்சியில், ஆள் உயரக் கொப்பரையில் நெய் வார்த்து ஏற்றும் தீபம் பதினொரு நாள் எரிகிறது. பல கல் தொலைவிலுள்ள ஊரார் தத்தம் வாசலில் நின்று அதைக் கண்டு கைகூப்புகிறார்கள். அந்தத் தீபத்தைக் காண வருகிற வண்டிகளுள் சில, தம் விளக்கின்மேல் கரும்பூச்சு அடித்துக்கொண்டு வருகின்றன!

விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் வண்டிக்கு வேறொரு காப்பு உண்டு. பின்விளக்கின் மூடியை உற்று நோக்கினால் ஒரு பகுதியில் தேனடை போன்ற சிறு கட்டங்கள் தெரியும். அவை எதிரொளிப்பான்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சேர்ந்த மூலைகள் அங்கே வரிசையாக அமைந்துள்ளன. அத்தகைய மூலையில் விழுந்த ஒளி, எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசைக்கே திரும்பும். பின்னே வருகிறவரின் முகப்பு விளக்கொளி இவ்வாறு அவர் கண்ணுக்கே மீளுகிறது. மின்கலம் செத்துக் கிடக்கும் வண்டிக்கும் இது காவல். காவல் நிலையத்தார் மாட்டு வண்டிகளிலும், கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களிலும் சிவப்பு ஒளிரும் பட்டைகளை ஒட்டுவது இதே தத்துவத்தைக் கொண்டுதான். இப்பகுதியின் மேல் சாயம் அடித்தால் நேர்வது என்ன? ஒளி உள்ளே செல்லும்பொழுது ஒரு முறை, வெளியே வரும்பொழுது ஒரு முறை, ஆக இருமுறை பூச்சைக் கடக்க வேண்டும். விளக்கின் ஒளியைப் பாதியாக்கும் மூன்று பூச்சு, எதிரொளிப்பானின் ஒளியைக் கால் பங்காக்கிவிடுகிறது. ஆறு பூச்சு அடித்தவரோ பதினாறில் ஒரு பங்கை மட்டுமே மிச்சம் வைக்கிறார். மாட்டு வண்டிக்காரருக்குப் பட்டை ஒட்டுகிறோம். கார் வைத்திருப்பவர் உள்ளதையும் மறைத்துக்கொள்கிறார்.

சிவப்பு நிறத்திற்கே உரிய ஒரு தொல்லையும் இங்குண்டு. மாலை மங்கும் வேளையில் செம்பருத்திச் செடியைக் கவனியுங்கள். பகலில் இலையினும் பளிச்சென்றிருந்த பூ, இருள் சூழச் சூழ இலைக்கு முன்னரே கறுத்துவிடும். செக்கோஸ்லோவாக்கியா என்று பின்னாளில் பெயர் பெற்ற நாட்டில் பிறந்த புர்க்கின்யே என்னும் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் குறிப்பிட்டார். மங்கிய ஒளியில் பணிபுரியும் நம் விழித்திரையின் கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. நிறமறியும் கூம்பு செல்களுக்குப் போதிய ஒளி இருக்கும்வரைதான் அது காட்சி. ஆகவே மங்கலாக்கப்படுவதை மிகக் குறைவாகப் பொறுக்கும் நிறம் சிவப்பு. (சிவப்பொளி மூடுபனியை ஊடுருவிச் செல்லும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தினும் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். மார்கழி விடியலில் சிவப்புக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.)

பகலில் ஓட்டுகிறவர் தப்பினார் என்று எண்ண வேண்டாம். பிரேக் விளக்கு வெயிலோடு போட்டியிட வேண்டும். அதனால்தான் பின்விளக்கிற்குக் குறைந்தது 4 கேண்டெலா போதுமென்ற பன்னாட்டு விதி, பிரேக் விளக்கிற்குக் குறைந்தது 60 கேண்டெலா கேட்கிறது. கரிய மூடியின் பளபளப்பில் வெயில் மின்ன, உள்ளே எரிவது கால் பங்காகத் தேய்ந்திருந்தால், முன்வண்டி நிற்கப்போகிறது என்பதை அறிய வழியேது?

விளக்கை மங்க வைத்தால் என்ன நேரும் என்பதை ஒரு நாடே அறிய நேர்ந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டனில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இருட்டடிப்பு விதித்தார்கள். தெரு விளக்குகள் அணைந்தன. வண்டி விளக்குகள் மூடி மறைக்கப்பட்டன. 1938-இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 6,648 பேர். 1941-இல் 9,169 பேர். பெட்ரோல் பங்கீட்டால் கார்கள் குறைந்திருந்தும் இந்நிலை. நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வண்டிகளின் பம்பர்களுக்கும் வெள்ளையடித்தார்கள். அவர்கள் வேறு வழியின்றிச் செய்தது அது. நாம் காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம்.

தொழிற்சாலையிலிருந்தே புகைநிற மூடியோடு வரும் வண்டிகள் உள்ளனவே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே மூடியின் கருமையையும் கணக்கிட்டே உள்ளிருக்கும் பல்பும் குழியாடியும் அமைக்கப்படுகின்றன. முழு விளக்கையும் அளந்து பார்த்த பின்னரே சான்று வழங்கப்படுகிறது. முற்றத்தில் நின்று டப்பாவை அழுத்துகிறவரிடம் அளவுகோல் எதுவுமில்லை, கண்ணைத் தவிர. அந்தக் கண்ணோ நான்கடி தொலைவில் நின்று பார்க்கிறது!

ஐயம் உடையோர் சோதித்துப் பார்க்கலாம். பழைய சாமான் கடையில் ஒரே மாதிரியான இரண்டு மூடிகள் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்றை அப்படியே விட்டு, மற்றொன்றுக்குப் பூச்சு அடித்து, ஒரே பல்பை இரண்டின் பின்னும் மாறி மாறி வைத்து, இருட்டறையில் ஒளிமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் அளந்தால், பெருக்கல் விதி உங்கள் கண்முன் தாளில் விழும். சன்னல் திறந்த இடத்தில், அடுப்புக்கு அப்பால் இருந்து தெளியுங்கள். அந்த ஆவி நுரையீரலுக்கும் ஆகாது, தீக்கும் எளிதில் இரையாகும்.

முன்னரே சாயம் அடித்துவிட்டவருக்கும் ஒரு சொல். தின்னரையோ பெட்ரோலையோ துணியில் நனைத்துத் துடைக்க வேண்டாம். மூடி கண்ணாடியன்று; பெரும்பாலும் அக்ரிலிக். அவ்விதத் திரவம் பட்டால் அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடி, ஒளி மீண்டும் சிதறும். மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்துப் பூச்சை எடுத்துவிட்டு, பாலிஷ் இட்டு மெருகேற்றலாம். அதுவும் பயன்படாவிட்டால் உதிரிப்பாகக் கடையில் புது மூடி வாங்குவதே முறை. வாங்குகையில் இரு பக்கத்தையும் ஒருங்கே மாற்றிவிடுங்கள். ஒன்று புதிதும் மற்றது பழையதுமாக இருந்தால் இரண்டின் ஒளியும் ஒவ்வாது.