சுவருக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

(அந்தியூரில் பள்ளிவாசல், மதரஸா, பள்ளிக்கூட நிர்வாகிகள் கூட்டத்தில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கட்டடம் கட்டுவதைப் பற்றிப் பேச என்னைவிட அனுபவசாலிகள் இங்கே இருக்கிறார்கள். நான் பேச வந்தது, திறப்பு விழாப் பந்தலைப் பிரித்த மறுநாள் தொடங்கும் காரியத்தைப் பற்றி. திறப்பு விழாவுக்கு வசூல் எளிது. பத்து வருடம் கழித்துக் குழாய் மாற்ற வசூல் செய்து பாருங்கள், தெரியும்.

நிலப் பத்திரத்தை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். சுவருக்குள் என்ன ஓடுகிறது என்ற விவரம் எங்கே இருக்கிறது? கொத்தனார் நினைவில், எலக்ட்ரீஷியன் நினைவில். அவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும். ஈரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் மாடிக் கழிவறைக் கசிவைத் தேடி மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்தார்கள். கசிவு இருந்தது நான்காவது இடத்தில். குழாயைச் சரிசெய்த செலவைவிட உடைத்துப் பூசிய செலவு அதிகம். அத்தனையும் சந்தா கொடுத்தவர்களின் பணம்.

இதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது. 'பிம்' என்பார்கள், கட்டடத் தகவல் மாதிரி. கம்ப்யூட்டரில் கட்டடத்தை முப்பரிமாணமாக வரைவதோடு, ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் அதனுடன் சேர்த்து வைப்பது. திரையில் மோட்டாரைத் தொட்டால் எத்தனை ஹெச்பி, எப்போது வாங்கியது, வாரண்டி எதுவரை, கடைசி சர்வீஸ் எப்போது என்று காட்டும். சுவரைத் தொட்டால் உள்ளே போகும் குழாயும் வயரும் தெரியும். நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோவைக் கட்டும்போதே இதைப் பயன்படுத்தினார்கள்.

புதுக் கட்டடத்துக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். சிட்னி ஓபரா ஹவுஸ் 1973இல் திறந்தது. சுமார் ஆயிரம் அறைகள். அதன் பராமரிப்புக்கு இந்த மாதிரி உதவுமா என்று சோதித்து, உதவும் என்று 2007இல் அறிக்கை கொடுத்தார்கள். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் 2010இல் லேசர் கருவியால் அளந்து வைத்தார். 2018இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது. மறுபடி கட்டியபோது உதவிய பதிவுகளில் அவருடைய அளவுகளும் உண்டு.

சரி, நமக்கு வேண்டுமா? ஒரு தொழுகைக்கூடம், ஒரு ஹவுள், நாலு ஃபேன் உள்ள பள்ளிவாசலுக்குத் தேவையில்லை. ஒரு நோட்டு போதும். (அந்த நோட்டை எழுதினாலே பெரிய விஷயம்.) மூன்று மாடிப் பள்ளிக்கூடமோ ஹாஸ்டலோ கட்டுகிறவர்கள் அவசியம் யோசியுங்கள். பிள்ளைகள் தூங்கும் இடம் அது. எந்த அறைக்கு எந்த சுவிட்ச், எர்த் குழி எங்கே, தண்ணீர் வால்வு எங்கே என்பது ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ச்மேனுக்கும் தெரிய வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: "வேலை முடிந்ததும், கட்டியது கட்டியபடி உள்ள மாதிரியை ஐ.எஃப்.சி. ஃபைலாகத் தர வேண்டும்." அது எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். இன்னொரு பொறியாளரும் திறந்து பார்க்கலாம். ரெவிட் போன்ற மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஃப்ரீகேட் இலவசம். நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் அதில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. வயரை மாற்றிய அன்றே மாதிரியிலும் மாற்ற வேண்டும். பழைய மாதிரி, மாதிரியே இல்லாததைவிட மோசம். வயர் இல்லை என்று நம்பி ஒருவர் துளை போடுவார். ஆகவே மென்பொருளை வாங்கும் முன், அதைப் பதியும் பொறுப்பு யாருக்கு என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவு செய்து மினிட்ஸில் எழுதுங்கள்.

இப்போது வேலை நடக்கும் இடங்களில், பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். மூலையிலிருந்து எத்தனை அடியில் குழாய் என்று போட்டோவில் தெரிய வேண்டும். செல்போன் போதும், செலவில்லை. பூசிய பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வஸ்ஸலாம்.